கொட்டகையை இடித்தது ஏன்?

“சங்கத்துக்கு நாடகம் எதற்கு?” என்று கேட்கிறார்கள் சிலர். சந்தா வசூலிக்க வேண்டும், சம்பளப் பேச்சு நடத்த வேண்டும், தொழில் நீதிமன்றம் ஏற வேண்டும். அதையெல்லாம் விட்டுவிட்டு அரிதாரம் பூசிக்கொண்டு ஆடுவதா என்று நையாண்டி பேசுகிறார்கள். இப்படிப் பேசுகிறவர்கள் துரைமார் அல்லர், நம்மவரே. ஆகவேதான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

நாடகம் வீண் வேலை என்றால், ஒரு சர்க்கார் ஆயுதப் போலீசை அனுப்பி ஒரு கிராமத்துக் கொட்டகையைத் தரைமட்டமாக்குவானேன்? இது கற்பனை அல்ல, தோழர்களே! நடந்தது.

ஆப்பிரிக்காவில் கென்யா நாடு. அதன் தலைநகரமான நைரோபிக்கு அருகே லிமூரு. அங்கே கமிரீத்து என்றொரு கிராமம். தேயிலைத் தோட்டத்தில் கூலி வேலை செய்வோர், செருப்புத் தொழிற்சாலையில் உழைப்போர், துண்டு நிலத்தில் பாடுபடுவோர், வேலையே இல்லாதோர்: இவர்கள்தான் ஊர் ஜனங்கள். அந்தக் கிராமமே 1950களில் வெள்ளையர் ஆட்சி, அவசரகாலம் என்று சொல்லி மக்களைக் கூட்டிவந்து அடைத்த இடம். மலாயாவிலும் 1948 முதல் 1960 வரை அவசரகாலம் இருந்ததையும், புதுக்கிராமங்கள் எழுந்ததையும், தோட்டத்து லயங்களைச் சுற்றிக் கம்பி வேலி போட்டதையும் நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அதே வெள்ளையன், அதே வேலி!

1976ஆம் ஆண்டு அந்தக் கிராமத்துப் பெண் ஒருத்தி, கூகி வா தியாங்கோ என்ற எழுத்தாளரின் வீட்டுக்கு வந்தாள். அவர் நைரோபிப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர். ஆங்கில நாவல்களால் பேர் பெற்றவர். இவ்வளவு படித்திருக்கிறீரே, அதில் கொஞ்சம் ஊருக்கும் தரக்கூடாதா என்று கேட்டாள். ஒருமுறை கேட்டதோடு விடவில்லை. மீண்டும் மீண்டும் வந்து கேட்டாள். அவர் ஊருக்கு வந்தார். முதியோர் கல்வி நடந்தது. கல்வியிலிருந்து நாடகம் பிறந்தது.

அவரும் கூகி வா மீரீ என்பவரும் ஜனங்கள் பேசும் கிக்கூயு மொழியிலே நாடகத்தை எழுதினார்கள். எழுதியதை ஊரார் கிளிப்பிள்ளைபோல் ஒப்பிக்கவில்லை. ஒத்திகை திறந்தவெளியில் நடந்தது. யாரும் வரலாம், யாரும் குறை சொல்லலாம். வயதானவர் பேசுகிற பேச்சா இது என்று வயதானவர்களே திருத்தினார்கள். உழைப்பு எப்படிச் சுரண்டப்படுகிறது என்பது பிசகில்லாமல் மேடையில் வரவேண்டும் என்று ஆலைத் தொழிலாளர் வாதாடினார்கள். பேராசிரியர் மாணவரானார்! இரண்டாயிரம் பேர் உட்காரத்தக்க அரங்கத்தையும் ஊராரே தங்கள் கையால் கட்டினார்கள்.

கதை என்ன? ஒன்றரை ஏக்கர் நிலம் வைத்திருக்கும் கிகூண்டா என்ற தொழிலாளி. அந்த நிலத்தின்மீது கண் வைத்த பணக்கார முதலாளி. மாதாகோயிலில் கல்யாணம் செய்துகொள் என்று ஆசை காட்டி, நிலப்பத்திரத்தை ஈடுவைத்துக் கடன் வாங்கச் செய்கிறார்கள். பிறகு வேலையும் போகிறது, நிலமும் ஏலத்துக்குப் போகிறது. கங்காணிக் கடனும் கடைக் கடனும் கண்ட பரம்பரைக்கு இந்தக் கதையை விளக்கிச் சொல்லவும் வேண்டுமா?

1977 அக்டோபர் 2ஆம் நாள் நாடகம் அரங்கேறியது. நவம்பர் 16ஆம் நாள் தடை வந்தது. டிசம்பர் 31ஆம் நாள் கூகி கைதானார். விசாரணை இல்லை, தீர்ப்பு இல்லை, ஓராண்டு சிறை. 1978 டிசம்பரில் விடுதலையானபின் பழைய வேலையும் திரும்பக் கிடைக்கவில்லை. 1982இல் ஊரார் இன்னொரு நாடகத்துக்கு ஒத்திகை பார்த்தார்கள். அந்த மார்ச் மாதம் போலீஸ் வந்து கொட்டகையை இடித்தது. அனுப்பியது வெள்ளையன் அல்ல. சுதந்திரக் கொடி ஏற்றிய சொந்தச் சர்க்கார்!

இன்னொன்றையும் கவனியுங்கள். அதே 1977 ஜூலையில் அதே கூகி, அந்த ஆட்சியைச் சாடி ஆங்கிலத்தில் எழுதிய நாவல் வெளிவந்தது. நிதி அமைச்சரே வெளியீட்டு விழாவுக்கு வந்தார். நாவலுக்கு மாலை, நாடகத்துக்குச் சிறை! ஏன்? நாவல் படித்தவன் அலமாரிக்குப் போயிற்று. நாடகமோ உழைக்கிறவன் பேச்சில், உழைக்கிறவன் வாயிலிருந்தே வந்தது. அதிகாரம் அஞ்சியது எழுத்துக்கல்ல. கூலிக்காரன் தன் கதையைத் தானே பேசிப் பழகிவிடுவானே என்றுதான் அஞ்சியது.

நம் தோட்டங்களிலும் நாடகம் இருந்தது. திருவிழாக்காலத்தில் விடிய விடிய அரிச்சந்திரன் கூத்து. நாடிழந்த ராஜாவுக்காக அழுதோம். நாடு விட்டு வந்து, நிரை நிரையாய்ப் பால்மரம் வெட்டிய நம்முடைய பாட்டிக்காக அழ, அங்கே ஒரு காட்சி உண்டா?

படித்தவர்களைக் குறைசொல்வதில் நான் என்னை விலக்கிக்கொள்ளவில்லை. நானும் கிராணிதான். ஒரு தொழிலாளர் தின விழாவுக்கு ஒரு காட்சி எழுதினேன். அரைநாள் கூலி வெட்டப்பட்ட ஒரு தாய், ஆபீஸ் வாசலில் நின்று இரண்டு பக்கம் அடுக்குமொழி பேசுகிறாள். அந்த வேஷத்துக்கு வந்த பால்மரம் வெட்டும் அக்காள் வாசித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “கிராணியாரே, கூலி போன அன்றைக்கு எங்களுக்கு வாயா வரும்? வீட்டுக்குப் போய்ப் பிள்ளையை அடிப்போம். அடித்துவிட்டு நாமே அழுவோம்.”

நான் வாயடைத்து நின்றேன். செக்ரோலில் அவர் பேருக்கு நேரே அரைநாள் என்று முன்னொருநாள் எழுதிய கை என் கைதான். இரண்டு பக்க வசனத்தையும் அடித்தேன். அந்தக் காட்சியில் பிறகு ஒரு பேச்சும் இல்லை. அம்மா வருகிறாள், பிள்ளையை அடிக்கிறாள், அழுகிறாள். கூட்டத்தில் ஒரு சத்தமில்லை. அன்றிரவு முடிந்ததும் கிளைக் கூட்டத்தில் ஒருநாளும் வாய் திறவாத பெண்கள் எங்களைச் சூழ்ந்துகொண்டு, தங்கள் கூலிச்சீட்டின் கணக்கைக் கேட்டார்கள். சங்க வேலை என்பது வேறென்ன?

ஆகவே சொல்கிறேன். கிராணி எழுதிக் கொடுக்க, தொழிலாளி ஒப்பிக்கும் நாடகம் போதும். கிளைக்கு ஒரு நாடகக் குழு வேண்டும். கதையை உழைக்கிறவர்களே கூடிச் சொல்லட்டும். எழுதத் தெரிந்தவன் எழுதிக்கொள்ளட்டும். கடல் கடந்து வந்து பக்கத்து நிரையில் மரம் வெட்டும் இந்தோனேசியத் தோழனுக்கும் வங்காளத் தோழனுக்கும் அதில் இடம் இருக்கட்டும். முன்கூட்டிக் கதையைக் காட்டு என்று நிர்வாகம் கேட்டால், விழாவுக்கு வந்து பாருங்கள் என்று சொல்லுவோம்.

கூகி வா தியாங்கோ 2025 மே 28ஆம் நாள் மறைந்தார். கமிரீத்துக் கொட்டகை அவருக்கு முன்பே மண்ணாயிற்று. ஆனால் அதை இடிக்க ஒரு சர்க்காரே வரவேண்டியிருந்தது என்பதை மறவாதீர்கள். அப்படிப்பட்ட ஆயுதத்தை நாம் திருவிழாவுக்கு மட்டும் எடுத்துத் துடைத்து வைப்பதா?

மேடை ஏறுவோம், தோழர்களே!