கைக்கு வருவது எவ்வளவு?

மாப்பிள்ளைக்குச் சம்பளம் எவ்வளவு என்று கேட்டால் கல்யாணத் தரகர் சொல்வது ஒரு தொகை. கம்பெனி ஆர்டரில் இருப்பது இன்னொரு தொகை. பி.எஃப்., வருமான வரி, சொசைட்டி லோன் எல்லாம் போய்க் கடைசியில் கைக்கு வருவது மூன்றாவது தொகை. விவரம் தெரிந்த மாமனார் மூன்றாவதைத்தான் கேட்பார்.

ஸ்போர்ட்ஸ் காருக்கும் இதே கதைதான் சார்.

விளம்பரத்தில் '320 குதிரைசக்தி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தால், அது எஞ்சினைத் தனியாகக் கழற்றி வைத்து கிராங்க் ஷாஃப்ட் முனையில் அளந்தது. அதற்கப்புறம் கியர் பாக்ஸ், புரொபெல்லர் ஷாஃப்ட், டிஃபரன்ஷியல், டயர் என்று ஆளாளுக்குப் பிடித்தம் செய்துகொண்டு மிச்சத்தைத்தான் ரோட்டுக்குத் தருகிறார்கள். பின்சக்கரத்தில் ஓடும் மேனுவல் கியர் காரில் பிடித்தம் சுமார் 15 சதவீதம் என்பது மெக்கானிக்குகளின் வாய்க்கணக்கு. (சட்டமில்லை. காருக்குக் கார் மாறும்.) அந்தக் கணக்கில் 320 என்பது சக்கரத்துக்கு வரும்போது 272.

சரி, சக்கரத்துக்கு வருவதை எப்படி அளப்பது? அதற்கு 'டைனோ' என்று செல்லமாக அழைக்கப்படும் டைனமோமீட்டர் இருக்கிறது. தரையில் பாதி புதைந்த கனமான இரும்பு உருளை. காரின் பின்சக்கரங்களை அதன்மேல் ஏற்றி, கார் எகிறிப் போகாமல் பட்டைகளால் நாலாபுறமும் இழுத்துக் கட்டுவார்கள். ரேடியேட்டருக்கு எதிரே ராட்சத ஃபேன். பெரும்பாலும் நான்காவது கியர், ஏனென்றால் அதில்தான் எஞ்சின் ஒரு சுற்று சுற்றினால் கியர் பாக்ஸும் ஏறக்குறைய ஒரு சுற்று தரும். பிறகு ஆக்ஸிலரேட்டரை ஒரே மிதி! கார் நின்ற இடத்திலேயே கத்தும். உருளை மட்டும் ஓடும்.

உருளையின் கனம் கம்ப்யூட்டருக்குத் தெரியும். எத்தனை வினாடியில் எவ்வளவு வேகம் பிடித்தது என்பதும் தெரியும். அவ்வளவுதான், சக்தி கணக்கில் வந்துவிடும். மூட்டையின் எடையும் மாடிக்குத் தூக்கிப்போன நேரமும் தெரிந்தால் மூட்டை தூக்கியவரின் பலம் தெரிந்துவிடாதா, அதே மாதிரிதான். ஜேம்ஸ் வாட் குதிரையை அளந்ததும் இப்படித்தான். 33,000 பவுண்டு எடையை ஒரு நிமிடத்தில் ஓர் அடி உயர்த்தினால் ஒரு குதிரைசக்தி என்று வைத்தார்.

இந்த உருளை ஒரு பெரிய கம்பெனியையே பணிய வைத்த கதை ஒன்று உண்டு.

1999-ஆம் வருட மஸ்டாங் கோப்ரா. ஃபோர்டு தயாரிப்பு, 4.6 லிட்டர் வி-8 எஞ்சின். 1998-ல் 305 ஆக இருந்த குதிரைகள் இப்போது 320 என்றது விளம்பரம். ஆசையாக வாங்கியவர்கள் ஓட்டிப் பார்த்தார்கள். பழைய காரைத் தாண்டவே மாட்டேன் என்றது புதுசு. 'உங்களுக்கு ஓட்டத் தெரியவில்லை' என்று சொல்லித் தப்பித்துவிடக்கூடிய விஷயம்தான். ஆனால் சிலர் காரை நேரே டைனோவில் ஏற்றிவிட்டார்கள். இயந்திரத்துக்கு முகதாட்சண்யம் கிடையாது. குதிரைகள் குறைந்தன.

அந்த ஆகஸ்டில் ஃபோர்டு விற்பனையை நிறுத்தியது. எஞ்சினுக்குக் காற்றை உள்ளே கொண்டுபோகும் குழாய்த் தொகுதியிலும், புகையை வெளியே விடும் பாதையிலும் மூச்சு அடைத்துக்கொண்டிருந்தது. விற்ற கார்களைத் திரும்ப அழைத்து, அந்தத் தொகுதி, எஞ்சின் கம்ப்யூட்டர், புகைக்குழாய் மூன்றையும் மாற்றிக் கொடுத்தார்கள், இலவசமாக. 2000-ல் சாதாரண கோப்ரா வரவே இல்லை. 2001-ல்தான் மறுபடி வந்தது, அதே 320 என்ற எண்ணோடு.

2001-ல் மாஸ்டாவுக்கும் இந்தச் சங்கடம். மியாட்டா காருக்கு அமெரிக்காவில் 155 என்று சொல்லிவிட்டு, அப்புறம் 142 என்று திருத்தினார்கள். வேண்டாம் என்றவர்களிடமிருந்து காரைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் முன்வந்தார்கள். பதின்மூன்று குதிரைதானே என்று நாம் விட்டுவிடுவோம். மளிகைக் கடையில் ஒரு கிலோவுக்கு 80 கிராம் குறைந்தால் விடுவோமா? அதே விகிதம்தான் இது!

அதற்காக டைனோ சொல்வதெல்லாம் வேதவாக்கு என்று நினைத்துவிட வேண்டாம். மெஷினுக்கு மெஷின் எண் மாறும். டயரில் காற்று குறைந்தால் மாறும். எஞ்சின் சூடேறினால் மாறும். கடல் மட்டத்திலிருந்து 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கும் டென்வர் நகரத்தில் காற்றே மெலிசு. டர்போ இல்லாத எஞ்சின் அங்கே இளைத்துப்போகும். அதற்குத்தான் வெப்பம், காற்றழுத்தம் எல்லாவற்றுக்கும் ஈடுகட்டி ஒரு 'திருத்தம்' போடுவார்கள். எங்கே திருத்தம் இருக்கிறதோ அங்கே தில்லுமுல்லுக்கும் இடம் உண்டு என்பது பி.காம். படித்த எல்லாருக்கும் தெரியும். எனவே, ஒரே மெஷினில், ஒரே நாளில், முன்னும் பின்னும் அளந்து வித்தியாசத்தைப் பாருங்கள். 'புது சைலன்ஸர் போட்டேன், முப்பது குதிரை ஏறிவிட்டது' என்று அளப்பவர்களை அடக்க அதுதான் வழி.

இன்னொரு ரகசியம். அமெரிக்க டைனோ சீட்டில் டார்க் ஒரு கோடு, குதிரைசக்தி ஒரு கோடு. டார்க்கை பவுண்டு-அடியில் எழுதி, இரண்டுக்கும் ஒரே அளவுகோல் வைத்தால், இரண்டு கோடும் 5,252 ஆர்.பி.எம்.மில் வெட்டிக்கொண்டே தீர வேண்டும். குதிரைசக்தி என்பதே டார்க்கை ஆர்.பி.எம்.மால் பெருக்கி 5,252-ஆல் வகுத்த விடைதான். கோடுகள் வேறெங்காவது வெட்டிக்கொண்டால், சீட்டைத் தயாரித்தவர் கணக்கில் வீக் அல்லது கற்பனையில் ஸ்ட்ராங்.

கோப்ரா வாங்கியவர்கள் யாரும் கொடி பிடிக்கவில்லை, கோஷம் போடவில்லை. அளந்து எண்ணைக் காட்டினார்கள். கம்பெனி இறங்கி வந்தது.

ஆகவே இனி யாராவது எண்ணைச் சொல்லி மிரட்டினால், கார் ஷோரூமானாலும் சரி, கல்யாணத் தரகரானாலும் சரி, மரியாதையாக ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்:

"இது எந்த இடத்தில் அளந்தது சார்?"