ஒத்துக்கிட்டா முடிஞ்சிடுமா?

"ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிடு, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிடலாம்" என்று இந்தியில் சொன்னார் வக்கீல். அந்த ஒரு வரிக்கு ஃபீஸும் வாங்கிக்கொண்டார்.

இங்கே நாக்பூரில் எங்கள் குடியிருப்பில் இருக்கும் தமிழ்ப் பையன். ஹாஸ்டலில் செல்போன் திருடியதாக வழக்கு. எடுக்கவேயில்லை என்று இன்றும் சொல்கிறான். மராத்தி தெரியாது, இந்தி அரைகுறை. தலையாட்டிவிட்டு வந்தான். அவன் அம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார்.

மூன்று வருஷம் கழித்து வங்கித் தேர்வு எழுதப்போகிறான் என்று என்னிடம் வந்தார்கள். நான் என்னத்தைச் சொல்ல? ஒழுக்கக்கேடான குற்றத்தில் தண்டனை பெற்றவரை வங்கி வேலைக்கு வைக்கக்கூடாது என்கிறது 1949-ம் வருஷத்து வங்கி ஒழுங்குமுறைச் சட்டம், பிரிவு 10. திருட்டு அந்தக் கணக்கில்தான் வரும். ஃபைன் மட்டும்தானே கட்டினோம் என்றால் எடுபடாது. 1958-ம் வருஷத்து நன்னடத்தைச் சட்டத்தில் விடுவிக்கச் சொல்லிக் கேட்டிருந்தால், அதன் 12-ம் பிரிவுப்படி இந்தத் தகுதியிழப்பே ஒட்டாது. வக்கீல் அதைக்கூடக் கேட்கவில்லை!

சரி, அப்பீல் போகலாமா? குற்றத்தை ஒப்புக்கொண்டவருக்குத் தண்டனையின் அளவு, சட்டப்படியான தன்மை இவற்றைத் தவிர வேறெதற்கும் அப்பீல் இல்லை. பழைய சட்டத்தில் பிரிவு 375, இப்போது பி.என்.எஸ்.எஸ். பிரிவு 416. மிச்சம் இருப்பது சீராய்வு மனுதான். மாதச் சம்பளக்காரன் எத்தனை பேர் அந்தப் படி ஏறுவான்?

அமெரிக்காவைப் பாருங்கள். கென்டக்கியில் படில்லா என்ற லாரி டிரைவர். வியட்நாம் போரில் அந்த நாட்டுக்காகப் பணியாற்றியவர். ஒப்புக்கொண்டால் நாடுகடத்த மாட்டார்கள் என்று வக்கீல் சொன்னதை நம்பினார். அந்த ஆலோசனை தவறு என்று 2010-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2017-ல் லீ என்ற கொரியக்காரர் வழக்கில் சாட்சியம் அவருக்கு எதிராகவே பலமாக இருந்தது. ஆனாலும், உண்மை தெரிந்திருந்தால் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார் என்று ஏற்று அவர் பக்கம் தீர்ப்பு வந்தது.

இப்படித் திறந்துவிட்டால் எல்லாரும் வருவார்களே என்பார்கள். வரட்டுமே! வக்கீல் செய்தது தப்பு, அந்தத் தப்பு இல்லாவிட்டால் வழக்கை நடத்தியிருப்பேன், இரண்டையும் அங்கே நிரூபிக்க வேண்டும். சும்மா வருகிறவன் அதிலேயே கழன்றுவிடுவான்.

நம் உச்ச நீதிமன்றமும் சளைத்ததல்ல. திப்பேசாமி வழக்கில், லேசான தண்டனை என்று ஆசைகாட்டி ஒப்புக்கொள்ள வைத்துவிட்டு மேல்கோர்ட்டில் தண்டனையைக் கூட்டுவது 21-ம் ஷரத்துக்கு விரோதம் என்று சொல்லி, வழக்கைப் புதிதாக விசாரிக்க அனுப்பியது. ஆசைகாட்டியது கோர்ட்டாக இருந்தால் தப்பு, வக்கீலாக இருந்தால் மட்டும் சரியா?

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. ஒப்புக்கொள்கிறேன் என்று எழுதுமுன், அவனுக்குப் புரியும் மொழியில், வேலை போகும் என்று தெரியுமா என மாஜிஸ்திரேட் கேட்க வேண்டும். பதிலைப் பதிவு செய்ய வேண்டும். வக்கீல் தவறாகச் சொன்னார் என்று நிரூபித்தால் அப்பீல் தர வேண்டும்.

சட்டம் மாறும்வரை நாம்தான் உஷாராக இருக்க வேண்டும். வெளியூரில் மாட்டினால் அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். இலவச சட்ட உதவிக்கு 15100. பையன்கள் செல்போனில் இன்றைக்கே ஏற்றி வையுங்கள்.