சிறுநீரகத்தைக் கெடுப்பது சுகர் மாத்திரை அல்ல

“சுகர் மாத்திரை ரொம்ப நாள் போட்டா கிட்னி போயிரும்.” தமிழ்நாட்டில் இதைக் கேட்காத வீடு இருக்காது. காலையில் நடக்கப் போகிற இடத்தில் சொல்கிறார்கள், கல்யாணப் பந்தியில் சொல்கிறார்கள், டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டோடு மருந்துக்கடைக்குப் போகிற வழியிலேயே யாராவது நிறுத்திச் சொல்லிவிடுகிறார்கள். படித்தவர், படிக்காதவர் என்ற வேறுபாடெல்லாம் இதில் கிடையாது. ரிசல்ட் கொஞ்சம் நன்றாக வந்ததும் தாங்களாகவே மாத்திரையை நிறுத்துகிறவர்கள், ஒருநாள் விட்டு ஒருநாள் போடுகிறவர்கள், இரண்டு வேளையை ஒரு வேளையாக்கிக் கொள்கிறவர்கள் எல்லோருக்கும் பின்னால் இந்தப் பயம்தான் நிற்கிறது. இது பொய். எவர் காதிலும் விழாமல் போகிற பொய்யாக இருந்தால் விட்டுவிடலாம். எந்தச் சிறுநீரகத்துக்காகப் பயப்படுகிறார்களோ அதையே இந்தப் பொய் அழித்துக் கொண்டிருக்கிறது.

இதை நம்புகிறவர்களை முட்டாள்கள் என்று ஒதுக்க மாட்டேன். அவர்கள் கண்ணால் பார்த்ததிலிருந்து முடிவுக்கு வருகிறார்கள். சித்தப்பாவுக்கு சுகர் வந்தது. பத்துப் பன்னிரண்டு வருஷம் மாத்திரை போட்டார். பிறகு கால் வீங்கியது, கிரியாட்டினின் ஏறியது, டயாலிசிஸில் கொண்டு போய் விட்டது. இடையில் வீட்டார் கண்ணுக்குத் தெரிந்த ஒரே பொருள் அந்த மாத்திரை அட்டைதான். ரத்தத்தில் ஓடிய சர்க்கரை யார் கண்ணுக்கும் தெரியவில்லை.

உள்ளே நடந்தது வேறு. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறைய 10 லட்சம் நுண் வடிகட்டிகள் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்து ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டி, அதில் பெரும்பகுதியை ரத்தத்துக்கே திருப்பித் தருகின்றன. சர்க்கரை வருஷக்கணக்கில் ஏறியே இருந்தால் அந்த வடிகட்டிகளுக்குள் அழுத்தம் கூடுகிறது, சுவர்கள் தடித்துப் பழுதாகின்றன, ரத்தத்தில் தங்க வேண்டிய ஆல்புமின் என்ற புரதம் சிறுநீரில் கசியத் தொடங்குகிறது. அப்போது வலி கிடையாது, வீக்கம் கிடையாது. கிரியாட்டினினும் சரியாகவே காட்டும். சிறுநீரகத்தின் திறனில் ஏறக்குறைய பாதி போன பிறகுதான் அந்த எண் பலருக்கும் ஏறத் தொடங்கும். ஆகவே சித்தப்பாவுக்கு ‘திடீரென்று’ வந்த கிட்னி நோய், பல வருஷம் முன்பே வந்துவிட்டது. அந்த வருஷங்களில் அவர் மாத்திரையை ஒழுங்காகப் போட்டாரா, சர்க்கரை கட்டுக்குள் இருந்ததா என்று யாரும் கேட்பதில்லை.

இந்த நம்பிக்கைக்கு உரம் போட்டதில் மருத்துவர்களுக்கும் பங்கு உண்டு. மெட்ஃபார்மினை எடுத்துக் கொள்வோம். அது உடம்பில் சிதைவதில்லை. போனபடியே சிறுநீரகம் வழியாக வெளியேறுகிறது. சிறுநீரகம் ஏற்கெனவே பலவீனமாகிவிட்டால் மருந்து உடம்பில் தேங்கும், ரத்தத்தில் லாக்டிக் அமிலம் கூடும் ஆபத்து வரும். அதனால் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனைக் காட்டும் எண் 45-க்குக் கீழே போனால் அளவைக் குறைக்கிறார்கள், 30-க்குக் கீழே போனால் நிறுத்தி விடுகிறார்கள். சரியான முடிவு. ஆனால் வெளியே நாற்பது பேர் காத்திருக்கும் ஓ.பி.யில் டாக்டர் சொல்வது ஒரே ஒரு வரி: “இனி இந்த மாத்திரை வேண்டாம், கிட்னிக்கு ஆகாது.” அந்த வரி வீட்டுக்குப் போய், தெருவுக்குப் போய், ஊரின் தீர்ப்பாகிவிடுகிறது. கெட்ட சிறுநீரகத்துக்கு அந்த மருந்து ஆகாது என்பது ஒன்று. அந்த மருந்துதான் சிறுநீரகத்தைக் கெடுத்தது என்பது முற்றிலும் வேறொன்று. இன்னும் இரண்டு நிமிஷம் ஒதுக்கி அதை விளக்காத மருத்துவர் தன் கடமையில் தவறுகிறார். இன்சுலின் ‘கடைசி ஸ்டேஜ்’ என்ற பெயர் வாங்கியதும் இதே வழியில்தான். மாத்திரைகளை நிறுத்த வேண்டி வரும்போது இன்சுலினுக்கு மாற்றுகிறார்கள். பழி இன்சுலின் மீது விழுகிறது.

சர்க்கரையை மருந்தால் கட்டுப்படுத்தினால் என்ன ஆகும் என்பது யூகத்துக்கு விடப்பட்ட விஷயமே அல்ல. பிரிட்டனில் 1977-இல் தொடங்கி இருபது ஆண்டுகள் நடந்த, 5,102 பேர் பங்கேற்ற ஆய்வு 1998-இல் வெளியானது. மாத்திரையாலோ இன்சுலினாலோ சர்க்கரையை நெருக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களுக்கு, கண்ணையும் சிறுநீரகத்தையும் தாக்கும் நுண்குழாய்ப் பாதிப்புகள் 25 சதவீதம் குறைந்தன. மாத்திரை சிறுநீரகத்தை அரித்திருந்தால் கணக்கு தலைகீழாக வந்திருக்க வேண்டும்.

2020-இல் வந்த இன்னொரு முடிவு இந்த விவாதத்தையே முடித்து வைத்திருக்க வேண்டும். டாபாகிளிஃப்ளோசின் என்ற சுகர் மாத்திரையைச் சிறுநீரக நோயாளிகள் 4,304 பேரிடம் சோதித்தார்கள். அவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு சுகரே கிடையாது. மாத்திரை எடுத்தவர்களுக்குச் சிறுநீரகம் மோசமாகும் அபாயமும், சிறுநீரக, இதய நோயால் இறக்கும் அபாயமும் சேர்த்து 39 சதவீதம் குறைந்தன. பலன் அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள். கிட்னியைக் காப்பாற்றவே இன்று ஒரு சுகர் மாத்திரையை எழுதிக் கொடுக்கிறார்கள். நம் பந்திப் பேச்சுக்கு இந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

மாத்திரையை விட்டவர்கள் சும்மா இருப்பதில்லை. ‘இங்கிலீஷ் மருந்து சூடு, மூலிகைக்குப் பக்கவிளைவு இல்லை’ என்று சொல்லி, பெயரில்லாத டப்பாவில் வரும் பொடிக்கு மாறுகிறார்கள். வெந்தயத்தின் மீதோ பாகற்காயின் மீதோ எனக்குக் கோபமில்லை, சாப்பாட்டோடு சாப்பிடட்டும். மெட்ஃபார்மினே கலேகா என்ற ஐரோப்பிய மூலிகையை ஆராயப் போய்க் கிடைத்த மருந்துதான். ஆனால் ‘மூலிகை’ என்ற சொல் பாதுகாப்புக்கு உத்தரவாதம் ஆகாது. 1990-களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸ் நகரில் உடல் மெலிய மூலிகை மாத்திரை எடுத்த பல பெண்களின் சிறுநீரகங்கள் செயலிழந்தன. காரணம் அதில் கலந்திருந்த அரிஸ்டலோக்கியா. நம் ஊர் ஆடுதின்னாப்பாளை அதே இனத்துச் செடி. சுகரைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதையே 1954-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றம் என்கிறது. ‘சுகரை வேரோடு அறுப்போம்’ என்ற விளம்பரம் இன்றும் கைப்பேசியில் வருகிறது என்றால், அந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்த வேண்டியவர்கள் பதில் சொல்ல வேண்டும்.

மூட்டுவலிக்குச் சீட்டு இல்லாமல் வாங்கித் தினம் விழுங்கும் டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள்தான் உண்மையாகவே சிறுநீரகத்தைத் தாக்கக் கூடியவை. சுகர் மாத்திரைக்குப் பயப்படும் அதே மனிதர் இந்த வலி மாத்திரையைப் பயமில்லாமல் போடுகிறார்.

சுகர் மருந்துகளுக்குக் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. மெட்ஃபார்மின் சிலருக்கு வயிற்றைக் கலக்கும், நீண்ட காலத்தில் பி12 சத்தைக் குறைக்கும். சில பழைய மாத்திரைகள் வயதானவர்களுக்குச் சர்க்கரையைத் தாழ்த்தி மயக்கத்தில் தள்ளும். எடையை நன்றாகக் குறைத்து, மருந்தே இல்லாமல் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருப்பவர்களும் உண்டு. நோய் வந்த முதல் சில வருஷங்களில் அது கூடுதலாகச் சாத்தியம். ஆனால் அது பரிசோதனை செய்துகொண்டு, மருத்துவரின் கண்காணிப்பில் நிறுத்த வேண்டியது. யாரோ சொன்னதைக் கேட்டு நிறுத்த வேண்டியது அல்ல.

இந்தியாவில் 10 கோடிக்கும் அதிகமானோருக்கு சர்க்கரை நோய் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆய்வு 2023-இல் சொன்னது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. வாசல் வரை வந்த மாத்திரையை அலமாரியில் பூட்டி வைக்கும் பயத்தை அரசு வண்டி போக்காது. மாத்திரை கொண்டு வருகிறவர் உட்கார்ந்து பேச வேண்டும், மருத்துவர் பேச வேண்டும், வீட்டில் விவரம் தெரிந்த பிள்ளைகள் பேச வேண்டும்.

உங்களுக்கு சுகர் இருந்தால் வருஷத்துக்கு ஒருமுறை கிரியாட்டினினோடு சிறுநீரில் ஆல்புமினையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். டாக்டர் சொல்ல மறந்தாலும் நீங்கள் கேளுங்கள். ரத்த அழுத்தத்தையும் பாருங்கள். அடுத்த கல்யாணப் பந்தியில் யாராவது மாத்திரையை நிறுத்தச் சொன்னால், பக்கத்தில் இருக்கிறவருக்கும் கேட்கும்படி மறுத்துச் சொல்லுங்கள்.