மின்சார கார்களுக்குச் சலுகை: யாருக்கு? எதுவரை?

புது தில்லி: 1964-ம் ஆண்டு முதல் தலைநகரில் நடைபெற்றுவரும் ஸ்டேட்ஸ்மன் பழங்கார் பேரணியைக் காணத் திரளும் கூட்டமே, கார் மீது இந்தியர்களுக்குள்ள பற்றுக்குச் சான்று. தாத்தா காலத்து வண்டிக்கு உதிரி பாகம் தேடி ஊர் ஊராக அலையும் உரிமையாளர்களும், சந்தைக்கு வந்த புதிய காரின் இழுவைத் திறனை மணிக்கணக்கில் விவாதிக்கும் இளைஞர்களும் ஒரே இனத்தைச் சேர்ந்தவர்கள். இந்தக் கார் ஆர்வலர்களை அண்மை ஆண்டுகளில் எதிரெதிர் அணிகளாகப் பிரித்துள்ள விஷயம் ஒன்று உண்டு. மின்சார கார்களுக்கு மத்திய, மாநில அரசுகள் அளித்துவரும் சலுகைகள்தான் அது.

மின்சார காரை ஓட்டிப் பழகியவர்கள், மிதித்த மறுகணமே பாயும் அதன் வேகத்தையும், இரைச்சலற்ற பயணத்தையும், குறைந்த ஓட்டச் செலவையும் புகழ்கின்றனர். புதிய தொழில்நுட்பம் வேரூன்றும்வரை அரசு தாங்கிப் பிடிப்பதில் தவறில்லை என்பது அவர்களது வாதம். கியர் மாற்றி, என்ஜின் ஒலியைக் கேட்டு ஓட்டுவதில் இன்பம் காண்போர் இதை ஏற்பதில்லை. எந்தக் கார் சிறந்தது என்பதை வாங்குபவர் தீர்மானிக்கட்டும். அரசு ஏன் ஒரு பக்கம் சாய வேண்டும் என்று அவர்கள் கேட்கின்றனர். பெட்ரோல் என்ஜினும் மின் மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட் கார்களை விரும்புவோரின் குறை வேறு. எரிபொருளைக் கணிசமாக மிச்சப்படுத்தும் தங்கள் காரைச் சலுகைப் பட்டியலில் சேர்க்காதது ஏன் என்பது அவர்களது கேள்வி.

இந்த விவாதத்தில் அடிக்கடி மறக்கப்படும் உண்மை ஒன்றுண்டு. சொந்த உபயோகத்துக்கு மின்சார கார் வாங்குபவருக்கு மத்திய அரசு இன்று ரொக்க மானியம் எதையும் வழங்குவதில்லை. 2019-ம் ஆண்டு ரூ. 10 ஆயிரம் கோடி ஒதுக்கீட்டில் தொடங்கிய "ஃபேம்" இரண்டாம் கட்டத் திட்டத்தில், வாடகைக் கார் போன்ற வணிக உபயோகத்துக்கான நான்கு சக்கர வாகனங்களுக்கு மட்டுமே மானியம் தரப்பட்டது. அதிலும் தொழிற்சாலை விலை ரூ. 15 லட்சத்துக்கு மேற்பட்ட கார்கள் விலக்கப்பட்டன. 2024 அக்டோபரில் ரூ. 10,900 கோடி மதிப்பீட்டில் நடைமுறைக்கு வந்த "பி.எம். இ-டிரைவ்" திட்டம் இருசக்கர, மூன்று சக்கர வாகனங்கள், பேருந்துகள், லாரிகள், ஆம்புலன்ஸ்கள், மின்னேற்று நிலையங்கள் ஆகியவற்றைக் கவனித்தது, கார்களுக்கு மானியம் தரவில்லை.

அப்படியானால் கார் வாங்குபவருக்குக் கிடைக்கும் சலுகை எது? வரி விதிப்பில்தான் அது அடங்கியிருக்கிறது. மின்சார வாகனங்களுக்கான சரக்கு, சேவை வரி 2019 ஆகஸ்டில் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. மின்சார வாகனக் கடனுக்கான வட்டியில் ரூ. 1.5 லட்சம் வரை வருமான வரிக் கழிவும் அதே ஆண்டு பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது; 2023 மார்ச் வரை அனுமதிக்கப்பட்ட கடன்களுக்கே இது பொருந்தும். இவை தவிர, பல மாநிலங்கள் சாலை வரியைத் தள்ளுபடி செய்தன.

இந்த வரிச் சலுகையைச் சற்றே கணக்கிட்டுப் பார்த்தால், கார் ஆர்வலர்களின் கோபத்தில் நியாயம் இருப்பது தெரியும். 2025 செப்டம்பர் 22-ம் தேதி முதல் நடைமுறையில் உள்ள விகிதங்களின்படி சிறிய பெட்ரோல் கார்களுக்கு வரி 18 சதவீதம். பெரிய கார்களுக்கு 40 சதவீதம். மின்சார கார்களுக்கோ, விலை எதுவானாலும் 5 சதவீதம்தான். வரிக்கு முந்தைய விலை ரூ. 1 கோடி என்று வைத்துக்கொண்டால், பெட்ரோல் சொகுசு காருக்கு வரி ரூ. 40 லட்சம், மின்சார சொகுசு காருக்கு ரூ. 5 லட்சம். வாங்குபவருக்கு மிச்சம் ரூ. 35 லட்சம். ரூ. 10 லட்சம் விலையுள்ள மின்சார காரை வாங்கும் நடுத்தரக் குடும்பத்துக்கோ, அதே விலையுள்ள சிறிய பெட்ரோல் காருடன் ஒப்பிட்டால் மிச்சமாவது ரூ. 1.3 லட்சம் மட்டுமே. முதல் காராக ரூ. 5 லட்சத்துக்குப் பெட்ரோல் வண்டி வாங்கும் ஒரு பள்ளி ஆசிரியர் 18 சதவீத வரி கட்ட, கோடீசுவரர் 5 சதவீதத்துடன் தப்பிவிடுகிறார்.

சொகுசு மின்சார கார்களின் எண்ணிக்கை சொற்பம். அதனால் அரசுக்கு ஏற்படும் இழப்பும் சொற்பம் என்று வாதிடுவோர் உண்டு. இன்று அது உண்மையாக இருக்கலாம். ஆனால், சொகுசு கார் சந்தையில் மின்சார கார்களின் பங்கு, பொதுச் சந்தையில் உள்ளதைவிட அதிகம் என்பதையும் மறந்துவிடக் கூடாது. சலுகை எங்கே தாராளமோ அங்கேதான் வாங்குவோரும் விரைந்து திரும்புகின்றனர்.

இது இந்தியாவுக்குப் புதிய அனுபவமன்று. விவசாயியின் பம்ப்செட்டுக்கும், சரக்கு லாரிக்கும் என்று டீசல் விலையை அரசு பல ஆண்டுகள் செயற்கையாகக் குறைத்து வைத்திருந்தது. 2010 ஜூனில் பெட்ரோல் விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்ட பிறகு இரண்டுக்கும் இடையிலான விலை வித்தியாசம் பெருகியது. விளைவு, வசதி படைத்தோர் டீசல் கார்களை நோக்கிப் படையெடுத்தனர். டீசல் கார்களுக்கு ரூ. 80 ஆயிரம் கூடுதல் கலால் வரி விதிக்கலாம் என்று கிரித் பாரிக் குழு 2010-ம் ஆண்டிலேயே யோசனை கூறியும் பலனில்லை. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீக்கப்படும்வரை உழவனின் பெயரால் ஒதுக்கப்பட்ட மானியத்தில் ஒரு பகுதி, சொகுசு ஜீப்புகளின் எரிபொருள் தொட்டிக்குள் சென்றுகொண்டிருந்தது.

சந்தையே தீர்மானிக்கட்டும் என்று கூறும் ஆர்வலர்கள் இந்த வரலாற்றை நினைவில் கொள்வது நல்லது. மலிவு விலை டீசலில் ஓடிய கார்களும் அரசின் சலுகையைச் சுவைத்தவைதான். தில்லியின் குளிர்கால நச்சுக் காற்றில் வாகனப் புகையின் பங்குக்குப் பெரும்பாலான கார் உரிமையாளர்கள் தனியே விலை கொடுப்பதில்லை. கச்சா எண்ணெய்த் தேவையில் 85 சதவீதத்துக்கும் மேல் வெளிநாடுகளை நம்பியிருக்கும் நாடு, மாற்று வாகனங்களுக்கு ஊக்கமளிப்பதைத் தவறென்று சொல்ல இயலாது. ஆகவே, சலுகை வேண்டுமா என்பதைவிட, அதை யாருக்கு, எதுவரை அளிப்பது என்பதே விவாதிக்கப்பட வேண்டிய கேள்வி.

ஹைபிரிட் ஆதரவாளர்களின் வாதமும் முற்றிலும் ஒதுக்கத் தக்கதன்று. நாட்டின் மின் உற்பத்தியில் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியைச் சார்ந்தே உள்ளது. எனவே, கார் எதில் ஓடுகிறது என்பதைக் காட்டிலும், எவ்வளவு கரியமில வாயுவை வெளியேற்றக் காரணமாகிறது என்பதை வரிக்கு அடிப்படையாகக் கொள்ள வேண்டும் என்கின்றனர் அவர்கள். உத்தரப் பிரதேச அரசு 2024 ஜூலையில் ஹைபிரிட் கார்களுக்குப் பதிவு வரி விலக்கு அளித்தபோது, கார் நிறுவனங்களே இரு அணிகளாகப் பிரிந்து நின்றன. மின்சார கார்களில் முதலீடு செய்தவர்கள் அதை எதிர்த்தனர். ஹைபிரிட் தயாரிப்பவர்கள் வரவேற்றனர்.

மாநிலங்களிலும் தெளிவான கொள்கை தென்படவில்லை. ரூ. 25 லட்சத்துக்கு மேற்பட்ட மின்சார கார்களுக்கு 10 சதவீத ஆயுட்கால வரியைக் கர்நாடகம் 2024-ம் ஆண்டு விதித்தது. ரூ. 30 லட்சத்துக்கு மேற்பட்டவற்றுக்கு 6 சதவீத வரி என்று 2025 பட்ஜெட்டில் அறிவித்த மகாராஷ்டிரம், அதே மாதத்தில் பின்வாங்கியது. தில்லி அரசு 2020-ல் அறிவித்த ரூ. 1.5 லட்சம் வரையிலான மானியம், முதல் 1,000 கார்களுடன் நிறைவு பெற்றது.

சலுகையைக் காட்டிலும் நிச்சயமின்மையே ஆர்வலர்களை அதிகம் அச்சுறுத்துகிறது. தில்லியில் டீசல் கார் வைத்திருப்போரைக் கேட்டால் இதைச் சொல்வார்கள். 15 ஆண்டுகளுக்குச் சாலை வரி கட்டி வாங்கிய வாகனத்தை, 10 ஆண்டுகளில் ஒதுக்கிவிட வேண்டும் என்று பசுமைத் தீர்ப்பாயம் 2015-ம் ஆண்டு உத்தரவிட்டது. 2018-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2025 ஜூலை முதல் தேதியன்று பழைய வாகனங்களுக்கு எரிபொருள் மறுக்கப்பட்டது. எதிர்ப்புக் கிளம்பியதும் சில நாள்களிலேயே அந்த நடவடிக்கை தள்ளிவைக்கப்பட்டது. ஆகஸ்டில், உரிமையாளர்கள் மீது கடும் நடவடிக்கை கூடாது என்றது உச்ச நீதிமன்றம். டிசம்பரில், அந்தப் பாதுகாப்பு பி.எஸ்.-4 தரத்துக்குக் குறைந்த வாகனங்களுக்குப் பொருந்தாது என்று திருத்தியது. நேற்று அரசு ஊக்குவித்த டீசல் கார், இன்று குற்றவாளிக் கூண்டில் நிற்கிறது. நாளை மின்சார காருக்கும் இதே கதி நேராது என்பதற்கு என்ன உத்தரவாதம் என்ற கேள்வியை எளிதில் புறந்தள்ள முடியாது.

சலுகை திடீரென நின்றால் என்னவாகும் என்பதற்கும் உதாரணங்கள் உள்ளன. பெங்களூரில் உருவாகி 2001-ல் விற்பனைக்கு வந்த ரேவா, இந்தியாவின் முன்னோடி மின்சார கார். 2010-ல் மத்திய அரசு அறிவித்த மானியத்தின்படி காருக்கு ரூ. 1 லட்சம் வரை கிடைத்தது. 2012 மார்ச்சுடன் அத்திட்டம் முடிவுக்கு வந்ததும் மின்சார வாகன விற்பனை சரிந்தது. ஜெர்மனி 2023 டிசம்பரில் மானியத்தை ஒரே நாளில் நிறுத்தியபோதும், மறு ஆண்டு மின்சார கார் விற்பனை வீழ்ந்தது. இதற்கு மாறாக நார்வே, பல ஆண்டுகள் முழு வரிவிலக்கு அளித்துவிட்டு, 2023 முதல் 5 லட்சம் குரோனருக்கு மேற்பட்ட விலைப் பகுதிக்கு மட்டும் வரி விதித்தது. அதனால் விற்பனை குலையவில்லை. 2024-ல் அங்கு விற்பனையான புதிய கார்களில் பத்தில் ஏறத்தாழ ஒன்பது மின்சார கார்கள். விலை வரம்பும் படிப்படியான குறைப்பும் சேர்ந்தால் சலுகை பயன் தரும் என்பதே இதன் பாடம்.

இந்தப் பாடம் நாடாளுமன்றத்துக்குத் தெரியாததன்று. திருச்சி சிவா தலைமையிலான தொழில்துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு, 2023 டிசம்பரில் அளித்த அறிக்கையில் "ஃபேம்" திட்டத்தை நீட்டிக்கப் பரிந்துரைத்தது. சொந்த உபயோகக் கார்களையும் அதில் சேர்க்கலாம். ஆனால், விலைக்கும் பேட்டரித் திறனுக்கும் வரம்பு விதிக்க வேண்டும் என்று அக்குழு கூறியது. நடுத்தர மக்களுக்குக் கைகொடுத்து, செல்வந்தருக்குக் கதவடைக்கும் யோசனை அது. நடந்ததோ நேர்மாறு. புதிய திட்டத்தில் கார்களுக்கு மானியம் இல்லை. வரம்பற்ற வரிச் சலுகை மட்டும் தொடர்கிறது. விலை உயர்ந்த மின்சார கார்களுக்கு வரியை உயர்த்தும் யோசனை 2025-ல் பரிசீலிக்கப்பட்டதாகச் செய்திகள் வெளியாயின. இருப்பினும், ஜிஎஸ்டி கவுன்சில் 5 சதவீதத்திலேயே நின்றுவிட்டது.

ஜிஎஸ்டி விகிதம் கவுன்சிலில் முடிவாகிறது. மானியத் திட்டம் மத்திய அமைச்சரவையில் முடிவாகிறது. சாலை வரி மாநிலங்களிடம் உள்ளது. மூன்றையும் ஒருசேர வைத்து, யாருக்கு எவ்வளவு போய்ச் சேருகிறது என்று விவாதிக்கும் இடம் எங்கும் இல்லை. ஆண்டுதோறும் பட்ஜெட்டின்போது, மின்சார கார்களுக்காக விட்டுக்கொடுக்கப்பட்ட வரி எவ்வளவு, அது எந்த விலைப் பிரிவினருக்குச் சென்றது என்ற கணக்கை மத்திய அரசு அவையில் வைக்க வேண்டும். "ஃபேம்" திட்டத்தில் வாடகைக் காருக்கு ரூ. 15 லட்சம் என்று வரம்பு வகுக்க முடிந்த அரசுக்கு, வரிச் சலுகைக்கும் ஒரு வரம்பு வகுப்பது அரிய காரியமல்ல. அந்தச் சலுகை எந்த ஆண்டு, எவ்வளவு குறையும் என்பதை முன்கூட்டியே அறிவித்தால், தயாரிப்பாளரும் வாங்குபவரும் திட்டமிட்டுக்கொள்வர். சொகுசு கார்களிடமிருந்து கிடைக்கும் தொகை, அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் நெடுஞ்சாலைகளிலும் மின்னேற்று வசதியாகவும், நகரங்களில் மின்சாரப் பேருந்தாகவும் மாறலாம்.

கார் ஆர்வலர்கள் எந்த அணியில் இருந்தாலும், விதிகள் நியாயமாகவும் நிலையாகவும் இருக்க வேண்டும் என்பதில் வேறுபாடு கொண்டவர்கள் அல்லர். டீசலின் பெயரால் ஒருமுறை ஏமாந்த நாடு, மின்சாரத்தின் பெயரால் மீண்டும் ஏமாறக் கூடாது. ஏழை, நடுத்தர மக்களின் வரிப்பணத்தில் கோடீசுவரரின் கார் ஓடுவதைத் தடுக்கும் பொறுப்பு, மத்திய அரசுக்கும் ஜிஎஸ்டி கவுன்சிலில் அமர்ந்திருக்கும் மாநிலங்களுக்கும் சம அளவில் உண்டு.