'கேப்டன் யாரு?' ஃபேண்டசி கிரிக்கெட்டில் டீம் போடுவது திறமையா, அதிர்ஷ்டமா?

ஜோலார்பேட்டையில் ரயில் ஏறி ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கும் 'கேப்டன் யாரைப் போட்ட?' என்ற கேள்வி புதுசு இல்லை.

ட்ரீம்11-ல் 100 கிரெடிட்டுக்குள் 11 வீரர்களை எடுக்கணும். கேப்டனுக்கு 2 மடங்கு பாயிண்ட், வைஸ் கேப்டனுக்கு ஒன்றரை மடங்கு. பிட்ச், ஃபார்ம் எல்லாம் பார்த்து டீம் போடுவதால் இது திறமை விளையாட்டுதான் என்று 2017-ல் பஞ்சாப் - ஹரியானா உயர் நீதிமன்றம் சொன்னது.

அப்போ திறமை இருந்தால் ஜெயிக்கலாமா? இங்கதான் சிக்கல். நீங்கள் கோலியை கேப்டனாகப் போட்டால், கூடவே லட்சக்கணக்கானவர்களும் போட்டிருப்பார்கள். அவர் சதமே அடித்தாலும் எல்லோருக்கும் அதே பாயிண்ட்தான், ரேங்க் நகராது. முதலிடம் வேணும்னா யாரும் எடுக்காத ஒருத்தர் அன்றைக்குப் பார்த்து அடிக்கணும். அதைக் கணிக்கிறதுக்குப் பேர் திறமையா? குருட்டு யோகம்னுதான் சொல்லத் தோணுது.

இப்போது அந்த வாதமே செல்லாது. 2025 ஆகஸ்ட் 22-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்த ஆன்லைன் கேமிங் சட்டப்படி, திறமையோ அதிர்ஷ்டமோ, காசு கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுக்கே தடை. நடத்துபவர்களுக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். ஆடுபவர்களுக்குத் தண்டனை இல்லை. இந்திய அணியின் ஜெர்சியில் இருந்த ட்ரீம்11-ம் பணப் போட்டிகளை நிறுத்திவிட்டது. இலவசமாக ஆடத் தடையில்லை.

ஆனாலும் 'கன்ஃபார்ம் டீம், 500 ரூபாய்' என்று டெலிகிராமில் மெசேஜ் வந்தால் ஒன்றை யோசிங்க. ஜெயிக்கிற டீம் கையில் இருக்கிறவர் அதை ஏன் உங்களிடம் விற்கிறார்?