சரிந்த மேடையில் சக்கரத்தை நம்பலாகாது

திரை விலகியதும் மேடைமீது எழுந்து நிற்கும் மாளிகையையும் மாடிப்படியையும் கண்டு அதிசயிக்கும் ரசிகர்கள், அவை நின்ற இடத்தில் எவ்விதம் நிற்கின்றன என்று யோசிப்பதில்லை. யோசிக்கவேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை. நாடகத்தை நடத்துகிறவர்களே அதனைச் சிந்தியாமல் விட்டால், அது நடிகர்களின் உயிரோடு விளையாடுவதாகும்.

ஐரோப்பாவின் பழைய அரங்குகள் பலவற்றில் மேடை பின்னே உயர்ந்து முன்னே தாழ்ந்திருப்பதற்குத் தக்க காரணம் உண்டு. வரைந்த தட்டிகளைக் கொண்டு தூரத் தோற்றத்தை உண்டாக்கும் வித்தையை 1545-ல் வெளிவந்த தம் நூலில் விவரித்த இத்தாலியக் கட்டடக் கலைஞர் செர்லியோ, மேடையின் பின்பகுதி ஒன்பதுக்கு ஒன்று என்ற விகிதத்தில் உயர வேண்டுமென்றார். 1875-ல் திறக்கப்பட்ட பாரிஸ் நகரத்துக் கார்னியே அரங்கின் மேடை இன்றும் நூற்றுக்கு ஐந்து என்ற சரிவுடையதே. ஆயினும் அத்தகைய சரிவு, துணியும் மரச்சட்டமுமாக, பெரும்பாலும் குறுக்கே நகர்ந்த தட்டிகளுக்காக வகுக்கப்பட்டதேயன்றி, மாடியும் படியும் தாங்கி எத்திசையிலும் உருளும் இக்காலத்துக் கனத்த தளங்களுக்காக அன்று.

600 கிலோ எடையுள்ள ஒரு தளத்தின்மீது ஆளுக்கு 60 கிலோவாக ஆறு நடிகர்கள் ஏறினால் மொத்தம் 960 கிலோ. நூற்றுக்கு ஐந்து சரிவில் அது கீழ்நோக்கி இழுக்கும் விசை ஏறக்குறைய 48 கிலோ எடைக்குச் சமம். நன்றாக உருளும் சக்கரம் இவ்விசையைத் தானாகத் தடுத்து நிற்காது. நடிகர்கள் ஓடினாலும் குதித்தாலும் இழுப்பு இன்னும் மிகும். தாழ்ந்த பக்கத்திலோ வாத்தியக்காரர் அமரும் பள்ளமும், அதற்கப்பால் சபையோரும்.

சக்கரத்தில்தான் பிரேக் இருக்கிறதே என்பர். பிரேக் சக்கரம் சுழலாமல் தடுக்குமேயன்றி, சுழலாத சக்கரம் வழவழப்பான தரையில் வழுக்குவதைத் தடுக்காது. மேலும், திசை மாறும் சுழல் சக்கரம் தன் அச்சைச் சுற்றித் திரும்பும்போது தளத்தையும் சற்றே நகர்த்திவிடும். தேரை நிறுத்துகிறவர்கள் வடத்தை மட்டும் நம்பாமல் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை இடுவது போலவே, இங்கும் வேறொரு காவல் வேண்டும்.

தளம் தன் இடத்தை அடைந்ததும் சக்கரங்கள் தரையைவிட்டு மேலெழும்பி, ரப்பர் பொருத்திய திடமான கால்கள்மீது பாரம் முழுதும் இறங்க வேண்டும். அதன்மேல், குறைந்தது இரண்டு இரும்புத் தாழ்கள் தரையிலுள்ள குழிகளில் இறங்க வேண்டும். புராதன மேடையில் துளையிட அனுமதி இல்லையெனில், தாழ்ந்த பக்கம் ஆப்பு வைத்து, உயர்ந்த பக்கத்திலிருந்து கட்டடத்தின் உறுதியான உறுப்பொன்றோடு இரும்பு வடத்தால் பிணைக்கலாம். நகர்த்தும்போது பின்னிருந்து ஒரு கயிறு இழுத்துப் பிடித்திருக்க, தளத்தின் கீழ்ப்புறம் எவரும் நிற்கலாகாது. தாழ் இறங்கியதா இல்லையா என்பது இருட்டிலும் புலப்படும்படி அதன் கைப்பிடிக்கு வெள்ளை வர்ணம் பூசுவது, செலவில்லாத பெரிய உபகாரம்.

காட்சி மாறக் கிடைப்பது சில விநாடிகளே, இவற்றுக்கெல்லாம் அவகாசம் ஏது என்ற ஆட்சேபம் எழலாம். கடைசி ஒத்திகையன்று நினைத்துக்கொண்டால் அவகாசம் இராதுதான். ஆகவே, வரைபடம் போடும்போதே தளத்தின் அழகோடு அதைப் பூட்டும் முறையையும் நிர்ணயிக்க வேண்டும். அதற்குரிய பணத்தைப் படுதாவுக்கும் வர்ணத்துக்கும் ஒதுக்கும் பணத்தோடு சேர்த்தே நிர்வாகம் ஒதுக்க வேண்டும். தாழ் இறங்கிவிட்டது என்று அதைப் பூட்டியவர் வாயால் கேட்கும்வரை நடிகரை ஏறவிடாமல் நிறுத்தும் அதிகாரம் மேடை நிர்வாகிக்கு இருக்க வேண்டும்; அந்த அதிகாரத்தில் தயாரிப்பாளரோ இயக்குநரோ குறுக்கிடலாகாது. இதற்கு இணங்காத குழு சரிந்த மேடையில் சக்கரத் தளத்தை ஏற்றாதிருப்பதே முறை.