18 கிறாமியும் ஒரு கைப்பையும்

அரேத்தா பிராங்ளினைப் பற்றி யார் எழுதினாலும் முதல் பந்தியிலேயே 18 கிறாமி என்ற கணக்கு வந்துவிடும். அடுத்தது, 1987இல் றொக் அண்ட் ரோல் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்ட முதல் பெண். பிறகு 2005இல் அமெரிக்க ஜனாதிபதி கொடுத்த சுதந்திரப் பதக்கம். 'சோல் இசையின் ராணி' எண்ட பட்டம் எப்பிடியும் வரும். எங்கட வயசுக்காரர் கனபேர் இந்தப் பட்டியலைப் பகிர்ந்து, கீழே ஒரு கிரீடத்தையும் போட்டுவிட்டுப் போகிறார்கள். எங்களுக்கு அந்தப் பட்டியலை வாசிக்கும்போது குற்றப்பத்திரிகை வாசிக்கிற மாதிரித்தான் இருக்கிறது.

அந்தப் 18ஐயும் ஒருக்கா பிரித்துப் பாருங்கோ. எல்லாமே ஆர் அன்ட் பி பிரிவில் கிடைத்தவை, இல்லாவிட்டால் கொஸ்பல் பிரிவில் கிடைத்தவை. ஆண்டின் சிறந்த அல்பம், ஆண்டின் சிறந்த இசைத்தட்டு என்ற பெரிய விருதுகளில் ஒன்றுகூட அவர் கைக்கு வரவில்லை. பெண்களுக்கான ஆர் அன்ட் பி விருது 1968இல் தொடங்கியது. அந்த வருடம் முதல் 1975 வரை எட்டு வருடமும் அவருக்கே கொடுத்தார்கள். இதைச் சாதனை என்று எழுதுகிறார்கள், சாதனைதான். ஆனால் ஒரு அறையைக் கொடுத்து, இதுக்குள்ளயே ராணியா இரு எண்டு வெளியால பூட்டினதும் இதே எட்டு வருடம்தான்.

'றெஸ்பெக்ட்' 1967இல் பில்போர்டின் பொப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்த பாட்டு. ஒரு சிறு கூட்டம் மட்டும் கேட்ட பாட்டு எண்டு ஒருத்தரும் சொல்ல ஏலாது. அதுக்கு இரண்டு கிறாமி கிடைத்தது, இரண்டும் ஆர் அன்ட் பி. அந்த வருடத்தின் சிறந்த இசைத்தட்டு விருது 'அப், அப் அண்ட் அவே' என்ற பாட்டுக்குப் போனது. அதைப் பாடிய ஃபிஃப்த் டைமென்ஷன் குழுவும் கறுப்பர்கள்தானே என்று ஒருவர் கேட்கலாம். உண்மைதான். ஆனால் அது பலூனில் ஏறி வானத்தில் மிதக்கிற பாட்டு. எந்த வீட்டு வரவேற்பறையையும் அது பயமுறுத்தாது. ஓட்டிஸ் ரெடிங் 1965இல் ஆண் குரலில் பாடியதை, ஒரு பெண் தன் தங்கையும் அக்காவும் பின்னுக்கு நிற்க, தனக்கு வரவேண்டிய மரியாதையை எழுத்தெழுத்தாக எண்ணிக் கேட்கிற பாட்டாகத் திருப்பிப் போட்டது வேறு விசயம்.

அவருடைய குரல் ஒரு பெட்டிக்குள் நிற்கிற குரலும் இல்லை. கொலம்பியா கொம்பனி அவரை வைத்து ஆறு வருடம் ஜாஸும் பொப்பும் பாடுவித்தது (என்ன செய்கிறதென்று தெரியாமல் பாடுவித்தது என்றுதான் சொல்லவேணும்). 1998இல் பவரோட்டிக்கு வர ஏலாமல் போக, அவர் பாட இருந்த புச்சினியின் ஒப்பராப் பாடலைக் கடைசி நேரத்தில் ஏறிப் பாடினவர் இவர்தான். அதுவும் கிறாமி மேடையில்!

1973இல் எஸ்தர் பிலிப்ஸும் அதே பிரிவில் போட்டியிட்டார். வழமைபோல அரேத்தாவே வென்றார். வென்ற விருதை எஸ்தரிடமே கொடுத்துவிட்டார். கறுப்புப் பெண்களுக்கெண்டு ஒரு கதிரையை மட்டும் போட்டால் அதில் ஒருத்தி எழும்பித்தான் மற்றவள் இருக்கவேணும். அது அவருக்கு விளங்கியிருக்கிறது. இண்டைக்குக் கணக்குப் பார்த்து 'யாரிட்ட கூட' எண்டு சண்டை பிடிக்கிற ரசிகர்களுக்குத்தான் விளங்கவில்லை.

இதைவிடப் பெரிய விசயம் காசு. அமெரிக்காவில் ஏ.எம்., எஃப்.எம். றேடியோ ஒரு பாட்டைப் போட்டால், எழுதினவருக்கும் பதிப்பாளருக்கும் பணம் போகும். பாடினவருக்கு ஒரு சதமும் இல்லை. பிரித்தானியாவில் பாடகருக்கும் போகிறது, அமெரிக்காவில் இல்லை. இதை மாற்றச் சட்டமூலங்கள் காங்கிரசுக்கு வரும், நிலைய முதலாளிகள் 'நாங்கள் இலவச விளம்பரம் தாறம்தானே' என்பார்கள், சட்டமூலம் படுத்துவிடும். அதனால் 'றெஸ்பெக்ட்' எத்தனை தரம் ஒலிபரப்பானாலும், எழுதினவர் என்ற பங்கு ரெடிங்கின் பக்கம்தான். அது நியாயமான பங்கு, அதில எங்களுக்குப் பிரச்சினை இல்லை. அந்தப் பாட்டை உலகத்துக்குத் தெரியவைத்த குரலுக்கு ஏன் ஒன்றுமில்லை என்பதுதான் கேள்வி. சம்பளம் கொடுக்காத தொழில், அதுக்குப் பதிலாகச் சிலை கொடுக்கிறது. சிலை மலிவு.

2015இல் கென்னடி சென்டரில் அவர் பாடியதையும் ஒபாமா கண்ணைத் துடைத்ததையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். தோலாடையைக் கழற்றி எறிந்ததுதான் எல்லாருக்கும் ஞாபகம். வரும்போதே கையில் கைப்பை இருந்தது, அதைப் பியானோவுக்கு மேலே வைத்துவிட்டுத்தான் இருந்தார். நிகழ்ச்சிக்கு முதலே சம்பளத்தைக் காசாக வாங்கிப் பையில் போட்டு, பையைக் கண்ணில் படுகிற இடத்தில் வைத்துக்கொள்வது அவருடைய நெடுநாள் வழக்கம். இதை 'ராணியின் கிறுக்கு' எண்டு சிரிச்சுக்கொண்டு எழுதுகிறவர்களைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது. கறுப்புப் பாடகர்களை ஏமாற்றியே வளர்ந்த தொழில் அது. அதற்குள் அரை நூற்றாண்டு நின்ற ஒருவர் வேறென்ன செய்வார்?

காசு எதுக்கெண்டும் அவருக்குத் தெரிந்திருந்தது. மார்ட்டின் லூதர் கிங்கின் இயக்கத்துக்கு நிதி சேர்க்கப் பாடினார். 1970இல் ஏஞ்செலா டேவிஸ் சிறையில் இருந்தபோது, பிணைப்பணம் எவ்வளவென்றாலும் தான் கட்டத் தயார், அந்தக் காசு கறுப்பு மக்கள் தனக்குத் தந்தது என்று வெளிப்படையாகச் சொன்னார். கிறாமிச் சிலையைக் கொண்டுபோய் ஒருத்தரையும் பிணை எடுக்க ஏலாது.

2019இல் புலிட்சர் குழு அவருக்குச் சிறப்புக் கௌரவம் அறிவித்தது. அப்போது அவர் இறந்து எட்டு மாதம். 2018 ஓகஸ்ட் 16, அவர் இறந்த அன்றைக்கு, அமெரிக்க றேடியோக்கள் 'றெஸ்பெக்ட்'டைத் திரும்பத் திரும்பப் போட்டன. அன்றைய ஒலிபரப்புக்கும் எஃப்.எம். நிலையங்கள் பாடகி என்ற வகையில் அவருக்கு ஒரு சதமும் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.